அத்தியாயம் 7: கையொப்பமிட்டுக் குறியாக்கிய பூட்லோடரைக் கருவியில் நிறுவுதல்

உட்பொதி லினக்ஸ் கருவிக்கு மின்சாரம் கிடைத்ததும் முதலில் ஓடுவது லினக்ஸ் அன்று. சில்லு தயாராகும்போதே அதனுள் பதிக்கப்பட்டு, பின்னர் எவராலும் திருத்த முடியாதபடி இருக்கும் பூட் ரோம் என்னும் சிறு நிரலே முதலில் ஓடி, இஎம்எம்சி போன்ற சேமிப்பகத்திலிருந்து பூட்லோடரை நினைவகத்துக்கு எடுத்து வந்து அதனிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கிறது. பூட்லோடர் கெர்னலை ஏற்றுகிறது. கெர்னல் கோப்பு முறைமையை இணைத்துப் பயன்பாட்டு நிரல்களைத் தொடங்கி வைக்கிறது. இவற்றில் ரோமைத் தவிர மற்ற அனைத்தும் சேமிப்பகத்தில் இருப்பவை என்பதால், கருவியின் மூடியைத் திறந்து இஎம்எம்சியில் எழுதத் தெரிந்த ஒருவர் பூட்லோடரை மாற்றிவிட்டால், அதற்கு மேலே அமைத்த கடவுச்சொல், ஃபயர்வால், பயனர் உரிமை ஆகிய எதற்கும் பொருள் இல்லாமல் போகிறது. ஆகவே சரிபார்ப்பு ரோமிலேயே தொடங்க வேண்டும். ரோம் நம்பும் ஒரு திறவுகோலால் பூட்லோடர் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும்.

இந்த அத்தியாயம் ஐ.எம்எக்ஸ் 6 குடும்பச் சில்லுகளையும் அவற்றில் ஓடும் யூ-பூட் பூட்லோடரையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஃப்ரீஸ்கேல் நிறுவனம் உருவாக்கி, 2015இல் அந்நிறுவனத்தை என்எக்ஸ்பி கையகப்படுத்திய பின் என்எக்ஸ்பியின் பெயரில் தொடரும் இச்சில்லுகளில், ரோமின் சரிபார்ப்புப் பகுதிக்கு ஹை அஷூரன்ஸ் பூட், சுருக்கமாக எச்.ஏ.பி., என்று பெயர், ஐ.எம்எக்ஸ் 6இல் இருப்பது அதன் 4ஆம் பதிப்பு. வேறு நிறுவனச் சில்லுகளில் பெயர்களும் முகவரிகளும் மாறுமே தவிர, வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசை பெரிதும் மாறுவதில்லை. அந்த வரிசையைப் பிசகாமல் காப்பதில்தான் இந்த வேலையின் பாதுகாப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது; ஏனெனில் இதில் பல படிகளுக்குத் திரும்பி வரும் வழியே கிடையாது.

கையொப்பம் எதற்கு, குறியாக்கம் எதற்கு

இவ்விரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. கையொப்பம் அரக்கு முத்திரையைப் போன்றது. உள்ளே இருப்பதை எவரும் படிக்கலாம், ஆனால் மாற்றினால் தெரிந்துவிடும். குறியாக்கம் உள்ளடக்கத்தைப் படிக்க விடாமல் மறைக்கிறது, ஆனால் அது யாரிடமிருந்து வந்தது என்பதற்குத் தானாக உறுதி தருவதில்லை. எச்.ஏ.பி. இதை உணர்ந்தே அமைக்கப்பட்டிருக்கிறது: குறியாக்கிய பூட்லோடரும் கையொப்பம் இல்லாமல் ஓடாது, குறியாக்கத்துக்கும் ஏ.இ.எஸ். நெறிமுறையின் சி.சி.எம். வகை பயன்படுவதால், உள்ளடக்கத்தை மறைப்பதோடு அது சிதையவில்லை என்பதும் சரிபார்க்கப்படுகிறது.

கையொப்பம் எல்லாக் கருவிகளுக்கும் தேவை. குறியாக்கம் அப்படி அன்று. யூ-பூட் ஜி.பி.எல். 2ஆம் பதிப்பு உரிமத்தில் வெளிவருவது. அதைக் கருவியோடு விற்பவர் தாம் செய்த மாற்றங்களோடு மூல நிரலைத் தர வேண்டிய கடமை உடையவர். அப்படியிருக்க, அதன் இருமக் கோப்பை மட்டும் மறைத்து வைப்பதால் கிடைப்பது சொற்பமே. குறியாக்கத்தால் உண்மையான பயன் விளையும் இடங்கள் இரண்டு. பூட்லோடர் பிம்பத்துக்குள் வெளியே தெரியக் கூடாத தரவு ஏதேனும் இருப்பது ஒன்று. ஒரு போர்டிலிருந்து இஎம்எம்சியின் உள்ளடக்கத்தை அப்படியே நகலெடுத்து வேறொரு போர்டில் ஏற்றிப் போலிக் கருவி செய்வதைத் தடுக்க வேண்டியிருப்பது மற்றொன்று. இரண்டும் இல்லாத கருவிக்குக் கையொப்பத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. குறியாக்கம் தொழிற்சாலையில் கூடுதலாக ஒரு ரகசியத்தைக் கையாள வைக்கிறது. கையாளப்படும் ஒவ்வொரு ரகசியமும் கசியக்கூடியது.

திறவுகோல்கள்

எச்.ஏ.பி.யின் நம்பிக்கைக்கு வேராக இருப்பவை சூப்பர் ரூட் கீ எனப்படும் நான்கு திறவுகோல்கள், இவற்றை எஸ்.ஆர்.கே. என்று சுருக்கி அழைப்பர். இந்நான்கின் பொதுத் திறவுகோல்களையும் கொண்ட அட்டவணை பூட்லோடரோடு சேர்ந்தே சேமிப்பகத்தில் இருக்கும். அந்த அட்டவணையின் ஷா-256 ஹாஷ் மட்டும், அதாவது 256 பிட் நீளமுள்ள சுருக்க எண் மட்டும், சில்லின் ஃபியூஸ்களில் எரிக்கப்படும். ஃபியூஸ் என்பது ஒரே ஒரு முறை 0இலிருந்து 1ஆக மாற்றக்கூடிய, மீண்டும் 0ஆக்க முடியாத நினைவக பிட். ரோம் அட்டவணையைப் படித்து, அதன் ஹாஷைத் தானே கணக்கிட்டு, ஃபியூஸில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தினால்தான் அந்த அட்டவணையில் உள்ள திறவுகோலை நம்பும்.

திறவுகோல்களை உருவாக்க என்எக்ஸ்பி தரும் கோட் சைனிங் டூல் என்னும் கருவித் தொகுப்பு போதுமானது. அதிலுள்ள ஸ்கிரிப்ட் ஒன்று, திறவுகோலின் நீளம், சான்றிதழின் ஆயுள், எத்தனை எஸ்.ஆர்.கே. வேண்டும் என்பன போன்ற சில கேள்விகளைக் கேட்டு, மரம் போன்ற அடுக்கில் அனைத்தையும் உருவாக்கித் தருகிறது. எஸ்.ஆர்.கே. எத்தனை என்ற கேள்விக்கு நான்கு என்றே விடை தர வேண்டும். ஒன்று போதும் என்று நினைத்து ஒன்றை மட்டும் உருவாக்கிய நிறுவனத்துக்கு, அந்தத் திறவுகோல் கசிந்த நாளில் மாற்று வழி இருக்காது. சான்றிதழின் ஆயுளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பூட் ரோம் ஓடும் நேரத்தில் நம்பத்தக்க கடிகாரம் எதுவும் இல்லாததால், எச்.ஏ.பி. சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை.

ஒவ்வோர் எஸ்.ஆர்.கே.யின் கீழும் இரண்டு துணைத் திறவுகோல்கள் உண்டு. ஒன்று, சரிபார்ப்புக் கட்டளைகள் அடங்கிய சி.எஸ்.எஃப். என்னும் கோப்பில் கையொப்பமிடுவது. மற்றொன்று பூட்லோடர் பிம்பத்தில் கையொப்பமிடுவது. இந்த அடுக்கின் பயன் பெரிது: அன்றாடக் கையொப்பத்துக்குத் துணைத் திறவுகோல்கள் போதும் என்பதால், எஸ்.ஆர்.கே.யின் தனித் திறவுகோல்களை இணையத்தோடு ஒருபோதும் இணைக்கப்படாத கணினியில் உருவாக்கி, குறியாக்கிய ஊடகத்தில் நகலெடுத்து, இரண்டு வெவ்வேறு ஊர்களில் பூட்டி வைத்துவிடலாம். துணைத் திறவுகோல்களையும் பில்டு சர்வரின் வட்டில் சாதாரணக் கோப்பாக விட்டுவைக்கக் கூடாது, எச்.எஸ்.எம். எனப்படும் வன்பொருள் பெட்டகத்தில் வைத்தால், கையொப்பம் பெட்டகத்துக்குள்ளேயே நிகழ்ந்து, திறவுகோல் வெளியே வராமலே வேலை முடிகிறது. துணைத் திறவுகோல் களவுபோனாலும் அதை மட்டும் தனியே ரத்து செய்ய எச்.ஏ.பி.யில் வழியில்லை, அதன் தாயான எஸ்.ஆர்.கே.யையே ரத்து செய்ய வேண்டியிருக்கும் என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

கடவுச்சொல் குறித்து ஒரு நடைமுறைக் குறிப்பு. இக்கருவித் தொகுப்பு, தனித் திறவுகோல்களைப் பூட்டும் கடவுச்சொல்லை ஓர் எளிய உரைக் கோப்பில், ஒரே சொல்லை இரண்டு வரிகளில் இருமுறை எழுதியபடி எதிர்பார்க்கிறது. எடுத்துக்காட்டு ஆவணங்களில் காணப்படும் கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிடுவதும், அந்தக் கோப்பைத் திறவுகோல்களோடு சேர்த்து கிட் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவதும் திறவுகோலைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

பிம்பத்தில் கையொப்பமிடுதல்

யூ-பூட்டை எச்.ஏ.பி. ஆதரவை இயக்கித் தொகுக்கும்போது, எந்த நினைவக முகவரியிலிருந்து எத்தனை பைட்டுகள் கையொப்பத்துக்கு உட்பட வேண்டும் என்பதைத் தொகுப்பு முறையே ஒரு பதிவில் எழுதித் தருகிறது. முகவரி, கோப்பில் தொடங்கும் இடம், நீளம் ஆகிய இம்மூன்று எண்களையும் சி.எஸ்.எஃப். விவரக் கோப்பின் தரவுச் சரிபார்ப்புப் பிரிவில் எழுத வேண்டும். தொகுப்பு மாறும்போதெல்லாம் இந்த எண்களும் மாறக்கூடும்; கையால் எழுதிய பழைய எண்கள் அப்படியே தங்கிவிட்டால், பிம்பத்தின் வால்பகுதி கையொப்பத்துக்கு வெளியே போய், எவரும் மாற்றக்கூடிய இடமாகிவிடும். அந்நிலையிலும் கருவி எந்தப் பிழையும் காட்டாமல் இயங்கும் என்பதே இதன் ஆபத்து. ஆகவே பதிவிலிருந்து எண்களை எடுத்து விவரக் கோப்பில் நிரப்பும் வேலையை ஒரு ஸ்கிரிப்டிடம் ஒப்படைப்பது கட்டாயம்.

நினைவகத்தைத் தயார்செய்யும் எஸ்.பி.எல். என்னும் முதற்கட்டச் சிறு பூட்லோடரும், அதன்பின் வரும் முழு யூ-பூட்டும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும் அமைப்புகளில், இரண்டிலும் தனித்தனியே கையொப்பமிட வேண்டும். ரோம் சரிபார்ப்பது எஸ்.பி.எல்.லை மட்டுமே, யூ-பூட்டைச் சரிபார்ப்பது எஸ்.பி.எல்.லின் பொறுப்பு.

ஃபியூஸ்களை எரித்தல்

இங்கிருந்துதான் திரும்ப முடியாத படிகள் தொடங்குகின்றன. வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டிய இடமும் இதுவே. எஸ்.ஆர்.கே. அட்டவணையின் ஹாஷ் 32 பைட்டுகள் நீளமுள்ள ஒரு கோப்பாகக் கிடைக்கும். ஐ.எம்எக்ஸ் 6 குவாட் போன்ற சில்லுகளில் அது ஃபியூஸ் வங்கி 3இல், 0 முதல் 7 வரையான எட்டுச் சொற்களாக, சொல்லுக்கு 32 பிட் வீதம் எரிக்கப்படுகிறது. பிழை பெரும்பாலும் நுழைவது பைட் வரிசையில். கோப்பில் 01, 02, 03, 04 என்ற வரிசையில் நான்கு பைட்டுகள் இருந்தால், ஃபியூஸ் கட்டளைக்குத் தர வேண்டிய எண் 04030201. கோப்பைப் பைட் பைட்டாகப் பார்த்து 01020304 என்று எழுதிவிடுபவர், பொருந்தாத ஹாஷைச் சில்லில் நிரந்தரமாகப் பதித்துவிடுகிறார். சாதாரண எக்ஸ்86 கணினியில் ஹெக்ஸ்டம்ப் கட்டளையை நான்கு பைட் அலகில் படிக்கும்படி அமைத்தால், சரியான வரிசை தானாகவே கிடைக்கும்.

யூ-பூட்டின் ஃபியூஸ் கட்டளை ஒவ்வொரு முறையும் இது மீள முடியாத செயல் என்று எச்சரித்து, உறுதிப்படுத்தல் கேட்கிறது. கையால் செய்யும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்கும் விருப்பத்தைப் பயன்படுத்தாமல், எட்டுச் சொற்களையும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றொருவர் திரையில் ஒப்பிட்டு, பிறகே உறுதி செய்ய வேண்டும். எரித்து முடித்ததும் போர்டை மறுதொடக்கம் செய்து, அதே எட்டுச் சொற்களையும் திரும்பப் படித்து, கோப்போடு ஒப்பிட வேண்டும்.

இப்போது கருவி எச்.ஏ.பி.யின் மொழியில் திறந்த நிலையில் இருக்கிறது. அதாவது ரோம் கையொப்பத்தைச் சரிபார்க்கும், குறை கண்டால் அதை ஒரு நிகழ்வாகப் பதிவு செய்யும், ஆனாலும் பூட்லோடரை ஓடவிடும். ஒத்திகை பார்க்கக் கிடைத்திருக்கும் இந்த நிலையை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். யூ-பூட்டின் ஹேப் ஸ்டேட்டஸ் கட்டளை, எச்.ஏ.பி. நிகழ்வு எதுவும் இல்லை என்ற வரியையும், பதினாறு நிலை எண்முறையில் 66 என்ற நிலை எண்ணையும் காட்டினால், கையொப்பம் ஏற்கப்பட்டது என்றும் சில்லு இன்னும் திறந்தே இருக்கிறது என்றும் பொருள். நிகழ்வுகள் வந்தால், ஒவ்வொன்றின் கீழும் காரணக் குறியீடு அச்சாகும். அதே எண்முறையில் 18 என்பது கையொப்பம் பொருந்தவில்லை என்பதையும், 21 என்பது சான்றிதழ் ஏற்கப்படவில்லை என்பதையும், 22 என்பது முகவரி தவறு என்பதையும் குறிக்கும். 18 வந்தால் சரிபார்ப்புப் பிரிவின் முகவரி, நீள எண்களையும், 21 வந்தால் சான்றிதழ்களையும் எஸ்.ஆர்.கே. அட்டவணை, ஃபியூஸ் ஹாஷ் ஆகியவற்றையும் முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நிகழ்வு இல்லை என்ற வரி மட்டுமே போதிய சான்று ஆகாது. கையொப்பமிட்ட பிம்பத்தின் தொடக்கம், நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களில் ஒவ்வொரு பைட்டைத் தனித்தனிச் சோதனைகளாக வேண்டுமென்றே மாற்றி எழுதி, ஒவ்வொரு முறையும் நிகழ்வு பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிப் பைட்டை மாற்றியும் நிகழ்வு வரவில்லை என்றால், மேலே சொன்ன நீளப் பிழை அங்கே ஒளிந்திருக்கிறது.

மூடுதல்

வங்கி 0, சொல் 6இல் செக் கான்ஃபிக் எனப்படும் பிட்டை, அதாவது 2 என்ற மதிப்பை எரிப்பதோடு கருவி மூடிய நிலைக்குச் செல்கிறது. அதன்பின் ஹேப் ஸ்டேட்டஸ் 99 என்ற நிலை எண்ணைக் காட்டும். கையொப்பம் பொருந்தாத பூட்லோடரை ரோம் ஓடவிடாது. எஸ்.ஆர்.கே. ஹாஷைத் தவறாக எரித்துவிட்டு இந்த பிட்டையும் எரித்த சில்லு, அதன்பின் எந்த பூட்லோடரையும் ஏற்காத வெறும் சிலிக்கான் துண்டுதான். அதை மீட்கும் நேர்வழி எதுவும் கிடையாது. வீணானாலும் இழப்பில்லை என்று சோதனைக்கென்றே ஒதுக்கிய சில போர்டுகளில் முழு வரிசையையும் ஓட்டிப் பார்க்காமல், உற்பத்திப் போர்டில் இதைச் செய்யவே கூடாது.

மூடும் அதே அமர்வில் வேறு சில ஃபியூஸ்களையும் கவனிக்க வேண்டும். நினைவகத்தைப் படிக்கவும் நிரலை நிறுத்தவும் உதவும் ஜேடேக் இணைப்பைத் திறந்தே விட்டால், கையொப்பச் சரிபார்ப்பு முடிந்த பின் நினைவகத்தில் உள்ள நிரலை மாற்றிவிடலாம். அதை முழுவதும் முடக்குவதோ, மறுமொழித் திறவுகோல் தந்தால் மட்டும் திறக்கும்படி வைப்பதோ நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கொள்கையைப் பொறுத்தது. சில்லு உற்பத்தியாளருக்கென ஒதுக்கப்பட்ட பூட் முறைகளை அடைக்கும் ஃபியூஸும், எஸ்.ஆர்.கே. ஃபியூஸ்களில் இனி ஒரு பிட் கூடச் சேர்க்க முடியாதபடி பூட்டும் ஃபியூஸும் எரிக்கப்பட வேண்டும். பின்னதை மறப்பவர்கள் பலர். மீதமுள்ள 0 பிட் ஒன்றை யாரேனும் 1ஆக எரித்துவிட்டாலே ஹாஷ் மாறி, கருவி செத்துவிடும்.

குறியாக்கத்தைச் சேர்த்தல்

குறியாக்கத்துக்கு டி.இ.கே. என்னும் தரவுக் குறியாக்கத் திறவுகோல் ஒன்று பயன்படுகிறது. 128, 192, 256 பிட் ஆகிய மூன்று நீளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கோட் சைனிங் டூல், பிம்பத்தை இந்தத் திறவுகோலால் குறியாக்கி, பிறகு கையொப்பமிட்டுத் தருகிறது. பிம்பம் எங்கே இருக்கிறது, எங்கே ஏற்ற வேண்டும் என்று ரோமுக்குச் சொல்லும் தலைப்பகுதி குறியாக்கப்படாமல் வெளிப்படையாகவே இருக்கும், ஏனெனில் அதைப் படித்த பிறகே ரோமால் மேலே செல்ல முடியும். அப்பகுதியைக் காப்பது கையொப்பம் மட்டுமே.

அடுத்த கேள்வி, டி.இ.கே.யைக் கருவியில் எங்கே வைப்பது என்பது. அதை அப்படியே இஎம்எம்சியில் வைத்தால் குறியாக்கத்தால் பயனில்லை. ஒவ்வொரு சில்லிலும் ஆலையிலேயே எரிக்கப்பட்ட, மென்பொருளால் படிக்க முடியாத, சில்லுக்குச் சில்லு வேறுபடும் ஒரு முதன்மைத் திறவுகோல் இருக்கிறது. சி.ஏ.ஏ.எம். எனப்படும் குறியாக்க வன்பொருள், அந்த முதன்மைத் திறவுகோலை அடிப்படையாகக் கொண்டு டி.இ.கே.யைப் பொதிந்து ஒரு பொட்டலமாக்கித் தருகிறது. இதற்கு டெக் பிளாப் என்று பெயர். 128 பிட் டி.இ.கே.க்கு இதன் அளவு 72 பைட்டுகள்: தலைப்பு 8, உள் திறவுகோல் 32, டி.இ.கே. 16, சரிபார்ப்புக் குறி 16. ஒரு தயாரிப்பின் எல்லாக் கருவிகளிலும் குறியாக்கிய பிம்பம் ஒன்றேயாக இருக்க, இந்த 72 பைட்டுகள் மட்டும் கருவிக்குக் கருவி மாறும். ஒரு கருவியின் பிளாப் வேறு கருவியில் திறக்காது. நகலெடுப்பவரைத் தடுப்பது இதுதான்.

இங்கே வரிசை மிக முக்கியம். சில்லு திறந்த நிலையில் இருக்கும்போது சி.ஏ.ஏ.எம். உண்மையான முதன்மைத் திறவுகோலைத் தொடுவதில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரு சோதனைத் திறவுகோலையே பயன்படுத்துகிறது. ஆகவே திறந்த நிலையில் உருவாக்கிய பிளாப், சில்லை மூடிய பின் திறக்காது. முதலில் கையொப்பம், பிறகு எஸ்.ஆர்.கே. ஃபியூஸ், பிறகு ஒத்திகை, பிறகு மூடுதல், அதற்குப் பிறகே பிளாப் உருவாக்கமும் குறியாக்கிய பிம்பத்தை எழுதுதலும் என்ற வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது.

தொழிற்சாலையில்

மூடிய கருவிக்கு முதல் பூட்லோடரை யூ.எஸ்.பி. வழியே தரும் சீரியல் டவுன்லோட் முறையிலும் ரோம் கையொப்பத்தைக் கேட்கும். நினைவகத்தைத் தயார்செய்யும் டி.சி.டி. அட்டவணையைப் பயன்படுத்தும் பிம்பங்களில் இது ஒரு சிக்கலை உண்டாக்குகிறது: பதிவேற்றும் கருவி அந்த அட்டவணையை முதலில் தனியே அனுப்பிவிட்டு, பிம்பத்தின் தலைப்பில் அதைச் சுட்டும் முகவரியைப் பூஜ்யமாக்கிவிடுகிறது, தலைப்பு மாறியதால் கையொப்பம் பொருந்தாது. ஆகவே முகவரியைப் பூஜ்யமாக்கிய நகலில் கையொப்பமிட்டு, அட்டவணையையும் தனியே சரிபார்ப்புப் பிரிவில் சேர்த்த பதிப்பு ஒன்றை யூ.எஸ்.பி. பயன்பாட்டுக்கென்றே தயாரிக்க வேண்டும்.

தொழிற்சாலையில் செய்ய வேண்டியது இவ்வாறு அமையும்: கையொப்பமிட்ட நிறுவல் யூ-பூட்டை யூ.எஸ்.பி. வழியே நினைவகத்தில் ஏற்றி, டி.இ.கே.யை நினைவகத்துக்கு அனுப்பி, டெக் பிளாப் கட்டளையால் பிளாப் உருவாக்கி, குறியாக்கிய பிம்பத்தோடு அதைச் சேர்த்து இஎம்எம்சியில் எழுத வேண்டும், ஐ.எம்எக்ஸ் 6இல் சேமிப்பகத்தின் தொடக்கத்திலிருந்து 1 கே.பி. தள்ளிப் பூட்லோடர் தொடங்கும். டி.இ.கே. வெளிப்படையான வடிவில் இருப்பது இந்தச் சில நொடிகள்தான் என்றாலும், அது தங்கும் கணினி எது, அதை யார் தொடுகிறார் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த நிறுவல் யூ-பூட் தனிக் கவனத்துக்கு உரியது. கட்டளை வரியைத் திறந்து தரும் ஒரு பூட்லோடரில் உண்மையான திறவுகோலால் கையொப்பமிட்டுவிட்டால், அந்தக் கோப்பைக் கையில் வைத்திருப்பவர் அந்தத் திறவுகோலை நம்பும் எல்லாக் கருவிகளையும் யூ.எஸ்.பி. வழியே திறந்துவிடலாம், தனித் திறவுகோல் கசியாமலேயே பாதுகாப்பு போய்விடுகிறது. பொறியாளரின் மேசையில் சோதனைக்காகக் கையொப்பமிட்ட பதிப்புகளுக்கும் இது பொருந்தும். வளர்ச்சிப் பணிக்கு முற்றிலும் வேறான எஸ்.ஆர்.கே. தொகுதியையும், அது எரிக்கப்பட்ட தனிப் போர்டுகளையும் வைத்துக்கொள்வதே சரி. தொழிற்சாலைப் பதிப்பைப் பொறுத்தவரை, அதில் கட்டளை வரியை நீக்கி, நிறுவல் படிகளைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாதபடி தொகுக்கலாம். அல்லது அதில் முதல் எஸ்.ஆர்.கே.யால் கையொப்பமிட்டு, நிறுவல் முடிந்ததும் ஒவ்வொரு கருவியிலும் அந்த எஸ்.ஆர்.கே.யை ரத்து செய்துவிட்டு, களத்துக்குச் செல்லும் பூட்லோடரில் இரண்டாவதைப் பயன்படுத்தலாம். இரண்டாம் வழி ஒரு திறவுகோலைச் செலவழிக்கிறது; ஆனாலும் வெளியாரின் தொழிற்சாலையில் உற்பத்தி நடக்கும்போது அந்தச் செலவு தகும்.

சங்கிலியின் எஞ்சிய பகுதி

பூட்லோடரை இவ்வளவு பாடுபட்டுக் காத்துவிட்டு, அது கையொப்பமில்லாத கெர்னலை ஏற்றுமானால் எல்லாம் வீண். யூ-பூட்டின் ஃபிட் என்னும் பொதி வடிவம் கெர்னல், சாதன மரம், தொடக்கக் கோப்பு முறைமை ஆகியவற்றை ஒன்றாகக் கட்டிக் கையொப்பமிட உதவுகிறது. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே கையொப்பமிட்டால், பழைய கெர்னலையும் புதிய சாதன மரத்தையும் கலந்து கட்டியும் ஏமாற்றலாம். ஆகவே சேர்க்கையைக் குறிக்கும் கான்ஃபிகரேஷன் பகுதியிலேயே கையொப்பமிட வேண்டும். சரிபார்க்கும் பொதுத் திறவுகோல் யூ-பூட்டின் சொந்தச் சாதன மரத்தில் கட்டாயம் என்ற குறியோடு பதிக்கப்பட வேண்டும். அந்தக் குறி விடுபட்டால் கையொப்பமில்லாத பொதியும் ஏற்கப்படும். 2020.01 வரையான யூ-பூட் பதிப்புகளில், தந்திரமாக அமைத்த ஃபிட் பொதி ஒன்றால் இந்தச் சரிபார்ப்பையே தாண்டும் குறை கண்டறியப்பட்டு, சி.வி.இ. 2020-10648 என்ற எண்ணில் பதிவாகியிருக்கிறது. பழைய பதிப்பைக் கருவிகளில் தொடர்ந்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யூ-பூட்டின் சூழல் மாறிகள் சேமிப்பகத்தில் எழுதும்படி இருந்தால், தாக்குபவர் தொடக்கக் கட்டளையையே மாற்றிவிடலாம். எனவே சூழலை எங்கும் சேமிக்காத அமைப்பைத் தேர்ந்தெடுத்து, காத்திருப்பு நேரத்தை -2 என்று வைத்து, விசை அழுத்தி நிறுத்தும் வழியையும் அடைக்க வேண்டும். கையொப்பம் பாராமல் நிரலை ஓட்டும் கோ, பூட்-இசட் போன்ற கட்டளைகள் தொகுப்பிலேயே இருக்கக் கூடாது. அதற்கு மேலே, மூலக் கோப்பு முறைமையை டிஎம்-வெரிட்டி என்னும் கெர்னல் வசதியால் தொகுதி தொகுதியாகச் சரிபார்த்து, அதன் மூல ஹாஷைக் கையொப்பமிட்ட ஃபிட் பொதிக்குள் வைத்தால் சங்கிலி நிறைவுபெறுகிறது.

புதுப்பித்தலும் ரத்து செய்தலும்

கையொப்பத்துக்கு வயதாவதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கையொப்பமிட்ட, இன்று குறை தெரிந்த பூட்லோடரும் ரோமின் கண்ணுக்குச் செல்லுபடியானதே. இதற்கு எச்.ஏ.பி. 4 தரும் முதன்மை வழி எஸ்.ஆர்.கே.யை ரத்து செய்வது: முதல் மூன்று எஸ்.ஆர்.கே.களுக்கும் ரத்து ஃபியூஸ் உண்டு, நான்காவதை ரத்து செய்ய முடியாது. ரத்து ஃபியூஸ்களை எச்.ஏ.பி. வழக்கமாகப் பூட்டியே வைக்கும்; அவற்றைத் திறந்துவிடும் கட்டளை சி.எஸ்.எஃப். கோப்பில் கையொப்பத்தோடு இருந்தால்தான் எரிக்க முடியும். ஆகவே புதிய எஸ்.ஆர்.கே.யால் கையொப்பமிட்ட பூட்லோடரை முதலில் நிறுவி, அது சரியாக ஓடுவதை உறுதி செய்துகொண்டு, பிறகே பழையதை ரத்து செய்ய வேண்டும்; வரிசை மாறினால் கருவி களத்திலேயே நின்றுவிடும்.

களத்தில் பூட்லோடரைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனாலும் கருவி பிழைக்க, இஎம்எம்சியில் உள்ள இரண்டு பூட் பகிர்வுகளில் ஓடாத பகிர்வில் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, அதன்பின் எதிலிருந்து தொடங்குவது என்ற தேர்வை மாற்றுவது பாதுகாப்பான முறை. குறியாக்கிய பூட்லோடரில், அந்தக் கருவிக்கே உரிய 72 பைட் பிளாப்பைப் புதுப்பிப்பு நிரல் பழைய பகிர்விலிருந்து எடுத்துப் புதிய பிம்பத்தோடு சேர்க்க வேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கோப்பை அனுப்பி அப்படியே எழுதச் செய்தால், ஒரு கருவியும் தொடங்காது.

ரோமின் குறை

இவ்வளவும் ரோம் பிழையற்றது என்ற நம்பிக்கையில் நிற்பவை. 2017இல் பிரான்ஸ் நாட்டின் குவார்க்ஸ்லேப் நிறுவன ஆய்வாளர்கள் எச்.ஏ.பி.யில் இரண்டு குறைகளைக் கண்டறிந்தனர். சி.வி.இ. 2017-7932 என்ற எண் கொண்டது, சிறப்பாக வடிவமைத்த சான்றிதழைக் கொண்டு கையொப்பச் சரிபார்ப்பைத் தாண்ட வழிசெய்தது, சி.வி.இ. 2017-7936 என்பது சீரியல் டவுன்லோட் முறையில் இருந்த நினைவக வழிதல் குறை. ஐ.எம்எக்ஸ் 6 உட்பட அக்காலச் சில்லுகள் பலவும் இவற்றுக்கு ஆளாகியிருந்தன. ரோமில் உள்ள நிரலைக் களத்தில் திருத்த முடியாது; புதிய சிலிக்கான் திருத்தப் பதிப்பில் மட்டுமே குறை நீங்கும். எனவே வடிவமைப்பாளர், சில்லைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே உற்பத்தியாளரின் பிழைப்பட்டியலைப் படித்து, குறை நீக்கப்பட்ட திருத்தப் பதிப்பின் எண்ணைக் கொள்முதல் ஆணையில் எழுத்தில் குறிப்பிட வேண்டும். வந்து சேரும் ஒவ்வொரு தொகுதியிலும், ஃபியூஸை எரிக்கும் முன், சில்லின் மேல் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணை ஆணையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.